பழசைத் தாங்கோ

மூடியைக் கழற்றிய பிறகு
நாற்பது செக்கன்தான்.
ரேம் தகட்டை உருவி
அதன் பொன்னிறப் பற்களை
மகளின் அழிறப்பரால் நாலு தேய் தேய்த்துத்
திரும்பச் செருக,
திரை விடிந்தது.

மக்கோவன் வீதிப் பிளாசாவில்
பல் வைத்தியருக்கும் பற்றிஸ் கடைக்கும் நடுவே
ஒரு கதவு அகலம் என் கடை.
பல் தேய்ப்பதுதான் அவருக்கும் வேலை,
ஆனால் அவருடைய நோயாளிகளுக்குக் காப்புறுதி இருக்கிறது.
எனக்கு வாடகை இருக்கிறது.
நாற்பது செக்கனுக்கு என்ன விலை என்று
நான் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை.

அதனால் அந்தக் கணினியை
இரண்டு நாள் தட்டில் படுக்க வைத்தேன்.
உடனே எழும்பினால்
நோய் சின்னதென்று நினைத்துவிடுவார்கள்.
சுகமான ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு,
வியாழனும் வெள்ளியும்
எனக்காக நோயாளியாய் நடித்தது.

சனி பின்னேரம் யோகமலர் வந்தார்.
சப்பாத்தில் வீதி உப்பு வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
விமான நிலையத்தடி ஹோட்டலில்
பதினாறு அறைக்குக் கட்டில் விரித்துவிட்டு
மூன்று பஸ் மாறி வந்த முகம்.

"மதர்போட் போயிட்டுது அக்கா" என்றேன்.
பழகிய சொல். நாக்கு இடறவில்லை.
நூற்றி எண்பது. வரியோடு
இருநூற்று மூன்று டொலர் நாற்பது சதம்.
பொய்க்கும் பதின்மூன்று வீதம்
அரசாங்கத்துக்குக் கட்டுகிறவன் நான்.
அதில் ஒரு சதம் பிசகில்லை.

விலை பேசவில்லை அவர்.
இருபது இருபதாய் எண்ணி வைத்தார்.
பிறகு கையை நீட்டினார்.
"கழட்டின பழசைத் தாங்கோ."

"பழசோ?"

"எங்கட ஹோட்டலில எரிஞ்ச பல்பைக் காட்டினாத்தான்
புது பல்ப் தருவினம். பழகிப்போச்சு தம்பி."

கழற்றியது ஒன்றுமில்லை.
கழன்றது கொஞ்சம் தூசி,
கொஞ்சம் அழிறப்பர்த் துகள்.
அதையும் வியாழக்கிழமையே ஊதிவிட்டிருந்தேன்.

கீழ் லாச்சியை இழுத்தேன்.
எப்போதோ செத்த கணினிகளின் எலும்புகள்.
எதற்கும் உதவாது,
எறியவும் கை வராது.
ஓரம் கருகிய பச்சைப் பலகை ஒன்றை,
யாருடையதென்று மறந்துபோனதை,
பொலித்தீன் பையில் போட்டு
இரண்டு கையாலும் கொடுத்தேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"பாவம்,
எப்பிடி எரிஞ்சிருக்கு" என்றார்.

பனி கரைந்தது. வரிக்கணக்குக் காலமும் போனது.
அந்தப் பலகையை மறந்துவிட்டேன் என்றால்
அது இரண்டாவது பொய்.

மே மாதம் கதவு மணி அடித்தது.
யோகமலரோடு இன்னொரு பெண், மாரிவிக்.
பிலிப்பைன்ஸ்காரி, அதே சீருடை,
மார்போடு அணைத்த கணினி.

"இவர்தான்" என்று என்னைக் காட்டினார் யோகமலர்.
தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்,
கடையில் நின்ற மற்ற இருவருக்கும் கேட்கும்படி:
ஸ்காபரோவில் நேர்மையான ஆள்.
மாற்றினால் பழசைக் கையில் தந்துவிடுவார்.
நான் இன்னும் வைத்திருக்கிறேன்,
அலுமாரியில்,
பாஸ்போட்டோடு.

மாரிவிக்கின் கணினியில்
ஒரு பொத்தானுக்கு அடியில் சோற்றுப் பருக்கை.
ஊசியால் கெல்லி எடுத்தேன்.
காய்ந்து கல்லாயிருந்தது.
கடுதாசித் துண்டில் வைத்து நீட்டினேன்.
"இதுதான் பழசு. பத்து டொலர்."

என்னையும் பருக்கையையும்
மாறி மாறிப் பார்த்தார் மாரிவிக்.
"இதற்கா? ஐந்துக்கு வராதா?"

நூற்றி எண்பது கொடுத்தவர்
என் பக்கம் நின்று வாதாடினார்.
கோபமாகவே வாதாடினார்.
பத்து டொலரை வாங்கி
கல்லாவில் போட்டேன்,
தலை நிமிரவில்லை.

அந்த இருநூற்று மூன்று டொலர் நாற்பது சதம்
ஒரு கடித உறையில் இருக்கிறது இப்போது.
பெயரும் எழுதியாயிற்று.
கொண்டுபோய்க் கொடுத்தால்
அலுமாரியைத் திறந்து
பழசை எடுத்துவந்து தருவார்.

அதை எங்கே வைப்பேன்.